வெர்லின் எந்த மூலையில் நின்றிருப்பார்

சாவு வீட்டில் அழுவதைவிடப் பெரிய வேலை, பாத்திரங்களைத் திருப்பிக் கொடுப்பது. கொண்டுவருகிறவர்கள் வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். உருளைக்கிழங்கும் கறியும், நூடுல்ஸும் மீனும், கேரட் துருவிப் போட்ட பச்சை ஜெல்லி. தனி ஆள் எவ்வளவுதான் சாப்பிட முடியும்? பிறகு ஒவ்வொன்றையும் கழுவித் துடைத்து, அடியில் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்து, வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்து, வாசலில் நின்று, "ரொம்ப ருசியா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு வர வேண்டும். அதோ அந்த மேடையில் ஆறு பாத்திரங்கள் தயாராக இருக்கின்றன. போகும்போது உன் காரில் ஏற்றிக்கொண்டால் பெரிய உதவியாக இருக்கும், டிராவிஸ். எனக்கு இனிமேல் நேரம் கிடைக்குமோ என்னவோ.

உட்கார். காபியைக் குடி. நீ ஷெரிஃப் ஆபீஸ் உடுப்பில் வந்திருக்கிறாய் என்பதற்காக உன்னை 'நீங்கள்' என்றெல்லாம் கூப்பிட எனக்கு வராது. பள்ளிச் சமையலறையில் உனக்கு ஆறு வருஷம் சாப்பாடு போட்டிருக்கிறேன். பட்டாணியைக் காகிதத்தில் சுருட்டிக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொள்வாய். தெரியாது என்று நினைத்தாயா?

ஆர்டிஸ் லிண்ட்விக் உங்கள் ஆபீசுக்குப் போயிருக்கிறாள். திங்கட்கிழமை நான் அவளுக்குப் போன் செய்ததற்கும் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்ததற்கும் நடுவில் நேரம் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறாள். உண்மைதான், இருக்கிறது. ஆர்டிஸ் பொய் சொல்கிறவள் இல்லை. அதை முதலில் எழுதிக்கொள்.

ஆனால் ஏன் என்று புரிய வேண்டுமானால் உனக்கு ஒன்று விளக்க வேண்டும், ஏனென்றால் நீ அந்தக் கட்சி, எதிர்க்கட்சி. ஜனாதிபதி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கிற நாளில் உங்கள் கட்சிக்காரர்கள் ஒரு துண்டுக் காகிதத்தில் பெயரை எழுதி, மடித்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறீர்கள். யார் யாருக்குப் போட்டார்கள் என்பது கடவுளுக்கும் அந்தக் காகிதத்துக்கும் மட்டும் தெரியும். உங்கள் கட்சி வீடுகளில் கல்யாணங்கள் நிலைப்பதற்கு அதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

எங்களுக்கு அப்படி இல்லை. ஜனவரி மாதக் குளிரில், சாயங்காலம், பள்ளிக்கூட ஜிம்முக்கு வர வேண்டும். ஏழு மணிக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள். மூலைக்கு மூலை ஒரு வேட்பாளரின் பெயர் ஒட்டியிருக்கும். உன் ஆள் யாரோ, அந்த மூலைக்கு நடந்துபோய் நிற்க வேண்டும். பல் டாக்டர் பார்ப்பார், தபால்காரர் பார்ப்பார், பெண்டாட்டி பார்ப்பாள். தலையை எண்ணுவார்கள். வந்தவர்களில் நூற்றுக்குப் பதினைந்து பேர்கூட இல்லாத மூலை கலைந்துவிடும். அங்கே நின்றவர்கள் தங்களுடைய இரண்டாவது தேர்வைத் தேடிக்கொண்டு வேறு மூலைக்குப் போகலாம், ரோஷம் இருந்தால் வீட்டுக்கும் போகலாம். அந்த நேரத்தில் மற்ற மூலைக்காரர்கள் கேக்கைக் காட்டிக் கூப்பிடுவார்கள். உலகத்திலேயே பெரிய பதவிக்கு இப்படித்தான் ஆள் பொறுக்குகிறோம். அயோவாவுக்கு வெளியே எல்லோரும் இதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். அவர்கள் என் ரூபார்ப் கேக்கைச் சாப்பிட்டதில்லை.

இந்த வருஷம் செனட்டர் காத்லீன் ப்ரூவர், எல்லோருடைய வைத்தியச் செலவையும் அரசாங்கமே ஏற்க வேண்டும் என்றார். கவர்னர் டெல் மான்ட்ரோஸ், ஏற்கலாம், ஆனால் படிப்படியாக என்றார். வித்தியாசம் அவ்வளவுதான். அதற்கு நோர்டால் ஊரே இரண்டாகப் பிளந்தது. சர்ச் பாடகர் குழுவில் மேல் சுருதிக்காரர்கள் கவர்னர், கீழ் சுருதிக்காரர்கள் செனட்டர்; கிறிஸ்துமஸ் பாட்டில் இரண்டு கட்சியும் ஒன்றையொன்று அமுக்கப் பார்த்ததில் குழந்தை இயேசு பிறந்ததே யாருக்கும் கேட்கவில்லை. ஹால்வர்சன் தம்பதி வீட்டு முற்றத்தில் ஆளுக்கொரு பலகை நட்டு, நடுவில் கயிறு கட்டினார்கள். அவர்கள் நாய் இரண்டு பலகையிலும் காலைத் தூக்கியது. ஊரில் நடுநிலை வகித்த ஒரே ஜீவன் அதுதான்.

எனக்கு செனட்டர்தான். நூலகத்து அடித்தளத்தில் பேச வந்தபோது என் ரூபார்ப் கேக்கில் இரண்டு துண்டு சாப்பிட்டார். யார் செய்தது என்று கேட்டு, என் கையைப் பிடித்து, "மார்லிஸ்" என்றார். உன் சட்டையில்தான் பெயர்ச்சீட்டு குத்தியிருந்ததே என்று ஆர்டிஸ் பிறகு சொன்னாள். பெயர்ச்சீட்டைப் படிக்கவும் ஒரு மனசு வேண்டும்.

இந்த ஊரில் செனட்டர் மூலைக்கு நான் தலைவி. கவர்னர் மூலைக்கு ஆர்டிஸ். அவள் எங்கள் சர்ச்சின் ரூத் மாதர் குழுவுக்கும் தலைவி. கணவர் கோர்டன் போய் மூன்று வருஷம் ஆகிறது. அதற்கும் வெகு காலம் முன்பு, பள்ளிக்கூடத்துக் கடைசி வருஷ நடனத்துக்கு, என் வீட்டுக்காரர் வெர்லின் கூட்டிக்கொண்டு போனது ஆர்டிஸைத்தான். பிறகு அவள் டிராக்டர் கடை வைத்திருந்த கோர்டனைக் கட்டிக்கொண்டாள். அடுத்த வருஷம் வெர்லின் என்னைக் கட்டிக்கொண்டார். எங்கள் கட்சியில் இரண்டாவது தேர்வு என்பது கேவலம் இல்லை, டிராவிஸ். இரண்டாம் சுற்றில் ஜெயித்துப் பெரிய ஆளானவர்கள் உண்டு. நாற்பத்தொரு வருஷமாக நான் அதை அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

கோர்டன் போனதிலிருந்து வெர்லின் அவள் வீட்டு வேலைகளைக் கொஞ்சம் பார்த்துக்கொடுத்தார். கூரைத் தகரம், அலமாரிக் கதவு, வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ். ஆர்டிஸ் வீட்டு ஃபர்னஸ் அடிக்கடி கெட்டுப்போகும். புது ஃபர்னஸ். சும்மா தகவலுக்காகச் சொல்கிறேன்.

நன்றி அறிவிப்புப் பண்டிகை முடிந்த வாரம், இரவுச் சாப்பாட்டில், வெர்லின் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே சொன்னார்.

"மார்லிஸ், இந்தத் தடவை நான் கவர்னர் பக்கம் நிக்கலாம்னு பாக்கறேன்."

"உன் நெஞ்சத் தொறந்து மூடினதுக்கு வந்த பில்ல மறந்துட்டியா?"

"மறக்கல. ஆனா அவர் சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கு. படிப்படியா போனாத்தான் நிக்கும்ங்கறார்."

"படிப்படியான்னா? இந்த வருஷம் ஒரு ரத்தக்குழாய், அடுத்த வருஷம் இன்னொண்ணா?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நல்ல சிரிப்பு, அதில் குறை சொல்ல மாட்டேன். "நீ பேசினா கவர்னரே உன் பக்கம் வந்துடுவார் போல."

"யார் சொல்லிக்குடுத்தா இதையெல்லாம்?"

"யாரு சொல்லணும்? ஆர்டிஸ் வீட்ல ஒரு பிரசுரம் கெடந்துச்சு. படிச்சேன்."

"ஃபர்னஸ் ரிப்பேர் பண்ணப் போன எடத்துல பிரசுரம் படிக்கறியா?"

"அது சூடாகற வரைக்கும் என்ன பண்றது?"

பட்டாணிக் கிண்ணத்தை அவர் பக்கம் தள்ளிவிட்டேன். சண்டை போடும் வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. ஆனால் அன்றிலிருந்து ஒரு காட்சி எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. ஜிம்முக்கு நடுவில் தரையில் ஓநாய் முகம் வரைந்திருக்கும் இல்லையா, நீயும் அதன்மேல் ஓடி விளையாடியவன்தானே. நான் ஒரு மூலையில் கேக்கோடு நிற்கிறேன். வெர்லின் என் பக்கத்திலிருந்து கிளம்பி, அந்த ஓநாயைத் தாண்டி, எதிர் மூலைக்கு நடக்கிறார். அங்கே ஆர்டிஸ் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுக்கிறாள். ஊர் மொத்தமும் கையில் காபியோடு பார்க்கிறது. ரேஷன் மாதிரி எல்லோருக்கும் சமமாக வைத்தியம் கிடைக்க வேண்டும் என்று நினைக்கிற ஒருத்திக்கு, கொள்கை அளவில், அது தாங்க முடியாத காட்சி.

இப்போது ரூத் குழுவைப் பற்றி. ஊரில் கவர்னருக்கு இருந்த பலம் என்பது ஆர்டிஸும் அவளுடைய ரூத் குழுவும்தான். பதினொரு பெண்கள். அவர்களோடு கணவர்கள். கணவர்கள் தனியாக வர மாட்டார்கள், காலுறை எங்கே இருக்கிறதென்று அவர்களுக்குத் தெரியாது. அந்தப் பதினொரு பேரும் வந்தால் கவர்னர் மூலை ஜிம்மை நிறைக்கும். வராவிட்டால் மூலையே நிற்காது.

அவர்கள் எதற்காக வராமல் இருப்பார்கள்? உடம்பு சரியில்லை என்றாலும் வருவார்கள். சூறாவளி என்றாலும் தலையில் துணி கட்டிக்கொண்டு வருவார்கள். ஆனால் அக்டோபரில் ஒன்று பார்த்தேன். கவர்னர் பக்கத்து ஊருக்கு வருகிறார், ரூத் குழு பஸ் ஏற்பாடு செய்துவிட்டது, எல்லோரும் முடி சுருட்டிக்கொண்டு தயார். காலையில் கஸ் பீட்டர்சன் இறந்துவிட்டார். பஸ் காலியாகப் போனது. பதினொரு பெண்களும் கஸ் வீட்டுச் சமையலறையில் நின்று, சுருட்டின முடியோடு, ஹாம் சாண்ட்விச் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். கஸ் அந்தக் கட்சி, டிராவிஸ். உங்கள் கட்சி. அப்படியும் ஒருத்தி முணுமுணுக்கவில்லை. சாவு என்றால் ரூத் குழு போகும். அதற்கு மேல் அவர்களுக்கு ஜனாதிபதியும் இல்லை, கவர்னரும் இல்லை.

அப்போது எனக்கு வந்தது வெறும் ஆச்சரியம்தான். நல்ல வழக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

கிறிஸ்துமஸுக்குப் பிறகு முதியோர் இல்லத்துக்கு அடிக்கடி போனேன். யால்மர் டோர்சன் தொண்ணூற்றேழு வயசு. ஊரின் மூத்த ஆள். சூப் கொண்டுபோனேன். சூப்பில் ஒன்றும் இல்லை, நீ அப்படிப் பார்க்க வேண்டாம். கோழி சூப். நிலவரம் எப்படி என்று பார்க்கத்தான் போனேன்.

"என்ன மார்லிஸ், திடீர்னு இவ்ளோ பாசம்?"

"ஒடம்பு எப்படி இருக்கு யால்மர்?"

"குதிரை மாதிரி இருக்கேன்."

"டாக்டர் அப்படியா சொன்னார்?"

"எந்த டாக்டரு? அவருதான் போன வருஷமே செத்துப்போயிட்டாரே."

இரண்டாவது கிண்ணம் கேட்டு வாங்கிக் குடித்தார். அங்கே எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை.

பிறகு ஞாயிற்றுக்கிழமை பனி கொட்டியது. உனக்கும் நினைவிருக்கும், நெடுஞ்சாலையில் இரண்டு லாரியை இழுத்தீர்கள். திங்கள் சாயங்காலம்தான் ஜிம்மில் கூட்டம்; அன்று காலை முற்றத்தில் முட்டளவு பனி. பக்கத்து வீட்டு டுவைட் எப்போதும் தன் இயந்திரத்தைக் கொண்டுவந்து எங்கள் வண்டிப்பாதையைத் தள்ளிக்கொடுப்பான், வெர்லினுக்கு ஆபரேஷன் ஆனதிலிருந்து. காலையிலேயே அவனுக்குப் போன் செய்தேன். "இன்னிக்கு வேண்டாம் டுவைட், மத்த வீடுங்களப் பாரு" என்றேன். "நிஜமாவா? வெர்லின் தனியா எறங்கிடப் போறான், பாத்துக்கோ" என்றான். பார்த்துக்கொள்கிறேன் என்றேன். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

மதியம் வெர்லின் பூட்ஸ் மாட்டிக்கொண்டே, "டுவைட் இன்னும் வரலையா?" என்று கேட்டார்.

"வரலையாம்."

"ஆர்டிஸ் கார் ஸ்டார்ட் ஆகலையாம். சாயங்காலம் நானே கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிட்டேன். மூணு பேரும் சேந்து போயிடலாம். அவளுக்கு முழங்கால் மடங்காது, முன்சீட்ல உக்காரட்டும். நீ பின்னால கேக்கப் புடிச்சுக்கறியா?"

புடிச்சுக்கறேன் என்றேன்.

"அப்ப நான் போயி கொஞ்சம் தள்ளிடறேன். தபால்பெட்டி வரைக்கும்தான்."

"டாக்டர் வேண்டாம்னாரே" என்றேன். இதை எழுதிக்கொள், நான் சொன்னேன். ஒரு தடவை சொன்னேன். எங்கள் ஊரில் எதையும் மூன்று தடவை சொன்னால்தான் கணக்கு என்பது உனக்குத் தெரியும். இன்னொரு துண்டு வேண்டுமா என்று கேட்டால் முதல் தடவை வேண்டாம், இரண்டாம் தடவை வயிறு நிறைந்துவிட்டது, மூன்றாம் தடவை தட்டை நீட்டுவோம். ஒரு தடவை சொல்வது மரியாதைக்கு. வெர்லினும் இந்த ஊர்க்காரர்தான். அவர் மற்ற இரண்டு தடவைக்காக வாசலில் கொஞ்சம் நின்றார். நான் ஓவனைத் திறந்து கேக்கைப் பார்த்தேன்.

வழக்கமாக மாட்டுகிற பழைய கோட்டைத் தேடினார். அதை நான் துவைக்கப் போட்டிருந்தேன். திங்கட்கிழமை துவைக்கிற நாள். நாற்பத்தொரு வருஷமாகத் திங்கட்கிழமைதான். சர்ச்சுக்குப் போடுகிற ஞாயிற்றுக்கிழமைக் கோட்டை மாட்டிக்கொண்டு போனார். நெஞ்சு வலித்தால் நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை பழைய கோட்டின் பையில்தான் இருக்கும். துவைப்பதற்குமுன் பையைப் பார்ப்பது என் பழக்கம். குப்பியை எடுத்து, சமையலறை ஜன்னல் விளிம்பில், செடித்தொட்டிக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். ஒளித்து வைக்கவில்லை. நல்ல வெளிச்சமான இடம். வெளியே நிற்கிறவருக்குக்கூடத் தெரியும்.

பாதி வழி நன்றாகத்தான் தள்ளினார். கல்யாணமான புதிதில் இருந்த மாதிரி, இடுப்பை வளைத்து. நூல் பிடித்த மாதிரி ஓரம் வெட்டினார். ஆர்டிஸுக்கு முழங்கால் மடங்காது இல்லையா, சறுக்கக் கூடாது. பிறகு மண்வாரியை ஊன்றிக்கொண்டு நின்றார். பிறகு பனிக்குவியல்மேல் உட்கார்ந்தார். ஓய்வு எடுக்கிறார் என்று நினைத்தேன். அப்படி நினைக்க இடம் இருந்தது. பிறகு ஜன்னலைப் பார்த்துக் கையைத் தூக்கினார்.

நானும் கையைத் தூக்கினேன்.

அவர் இன்னொரு தடவை காட்டினார். குப்பியைக் காட்டினாரா, என்னைப் பார்த்து அசைத்தாரா என்று நீ கேட்கலாம். கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. நான் மறுபடி அசைத்தேன். மூன்றாம் தடவை காட்டவில்லை.

பேனாவை ஏன் கீழே வைத்துவிட்டாய்? எழுது.

ஓவன் மணி அடித்தது. கேக்கை எடுத்து ஆற வைத்தேன். ரூபார்ப் கேக்கைச் சுடச்சுட வெட்டினால் உதிர்ந்துவிடும். கை சும்மா இருந்தது, அதனால் ஆர்டிஸுக்குப் போன் செய்தேன். "வெர்லின் போயிட்டார்" என்றேன். அந்தப் பக்கம் நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது. பிறகு, "நீ ஒக்காரு. ஒண்ணும் பண்ணாத. பெரிய காபிப் பாத்திரம் சர்ச்சுல இருக்கு, எடுத்துட்டு வரேன்" என்றாள். அவள் குரல் ஒரு மாதிரி இருந்தது. என் புருஷன் இறந்ததற்கு அவள் குரல் ஏன் அப்படி இருக்க வேண்டும்?

நான் சொன்னபோது அவர் போய்விட்டாரா என்பதுதான் உன் கேள்வி. இன்னும் இல்லை. ஆனால் பெரும்பாலும்.

ரூத் குழுவில் இருக்கிற லவோன் டாலின் கார் தெருமுனையில் திரும்புவதைப் பார்த்ததும் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். ஆர்டிஸ் அதில்தான் வந்தாள், மடியில் காபிப் பாத்திரத்தோடு. எங்கள் வீட்டுக்கு ஆம்புலன்ஸுக்கு முன்னால் காபி வந்துவிட்டது. இதை ஊரில் ஒரு பெருமையாகக்கூடச் சொல்லலாம். ஆர்டிஸ் காரிலிருந்து இறங்கி, பாத்திரத்தை அப்படியே பனியில் போட்டுவிட்டு, ஓடினாள். வெர்லின் பக்கத்தில் மண்டியிட்டாள். முழங்கால் நன்றாக மடங்கியது, நானே பார்த்தேன். அவர் கையை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, "மார்லிஸ், இன்னும் சூடா இருக்கேடீ" என்றாள்.

ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து வெகுநேரம் நெஞ்சை அழுத்திப் பார்த்தார்கள். நல்ல பிள்ளைகள். ஆளுக்கு ஒரு துண்டு கேக் கொடுத்தேன்.

நாலு மணிக்குள் ரூத் குழு முழுவதும் என் சமையலறையில் இருந்தது. ஒருத்தி உருளைக்கிழங்கு, ஒருத்தி ஹாம், இரண்டு பேர் போனுக்குப் பக்கத்தில். கணவர்கள் வரவேற்பறையில் வரிசையாக உட்கார்ந்து, தொலைக்காட்சியைப் போடலாமா என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரோ கூட்டத்தைப் பற்றி மெதுவாக எடுத்தார்கள். ஆர்டிஸ் திரும்பிக்கூடப் பார்க்காமல், "இன்னிக்கு என்ன கூட்டம்? மார்லிஸ விட்டுட்டா?" என்றாள். கவர்னருக்காக ஆறு மாதம் வீடு வீடாக நடந்தவள். எனக்கு அவள்மேல் மரியாதை வந்தது. தொந்தரவான மரியாதை.

ஆறரைக்கு, சர்ச்சில் போய்க் கொஞ்ச நேரம் தனியாக உட்கார வேண்டும் என்றேன். லவோன் துணைக்கு வருகிறேன் என்றாள். வேண்டாம் என்று மூன்று தடவை சொன்னேன். கேக்கை எடுத்துக்கொண்டேன். சர்ச்சுக்கு ஏன் கேக் என்று யாரும் கேட்கவில்லை. துக்கத்தில் இருப்பவர்களை இந்த ஊரில் எதுவும் கேட்க மாட்டார்கள்.

ஜிம்முக்குள் நுழைந்தேன். பல் டாக்டர் தொப்பியைக் கழற்றினார். டுவைட் என் மூலைக்காரன், ஓடிவந்தான்.

"மார்லிஸ்... நீ எதுக்கு இங்க... இன்னிக்குப் போயி..."

"வெர்லின் இருந்தா 'போ'ன்னுதான் சொல்லிருப்பார்."

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. "காலைல நான் வந்திருக்கணும். நீ வேண்டாம்னாலும் வந்திருக்கணும்" என்றான். நான் அவன் தோளைத் தட்டிக்கொடுத்தேன். பாவம், அன்றிலிருந்து தூங்கவே இல்லையாம்.

தலைகளை எண்ணினார்கள். அன்று வந்த கூட்டத்துக்கு ஒரு மூலை நிற்க எட்டுப் பேர் வேண்டும். கவர்னர் மூலையில் ஏழு. மறுபடி எண்ணினார்கள். ஏழுதான். ஒரே ஒரு ஆள் குறைவு. கவர்னர் மூலைக்காரர்கள் கதவைப் பார்த்தார்கள், சாத்தியிருந்தது. அந்த ஒரு ஆள் யார் என்று ஜிம்மில் எல்லோருக்கும் தெரியும். நான் ஓநாய் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் அதைத் தாண்டி நடக்கவில்லை. எனக்கு அப்படி ஒரு நிம்மதி. பிறகு அந்த ஏழு பேருக்கும் கேக்கை நீட்டினேன். பனியில் நடந்துவந்த விதவை தட்டோடு நிற்கும்போது எவனுக்கு வேண்டாம் என்று சொல்ல வரும்? ஐந்து பேர் எங்கள் மூலைக்கு வந்தார்கள். ஒருவர் வாயில் கேக்கோடு, "வெர்லின் ஆத்மா சாந்தியடையட்டும்" என்று சொல்லிக்கொண்டே செனட்டரிடம் வந்து சேர்ந்தார். நோர்டாலில் இதுவரை எவரும் அப்படி ஜெயித்ததில்லை.

வீட்டுக்கு வந்தபோது ஆர்டிஸ் தொட்டிமுன் நின்று பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"சர்ச்சுல சூடு போட்டிருந்தாங்களா? குளிருமேன்னு நெனச்சேன்."

"சர்ச்சுக்குப் போகல. ஸ்கூலுக்குப் போனேன். செனட்டர் ஜெயிச்சாச்சு. உங்க மூலை நிக்கல, ஒரு ஆள் கொறஞ்சுது."

அவள் கை தண்ணீருக்குள்ளேயே நின்றுவிட்டது.  ஆர்டிஸ் கையைத் துடைத்துக்கொண்டாள், ஒவ்வொரு விரலாக.

"அந்த ஆளு வெர்லின்னு நெனச்சியா?"

"வேற யாரு?"

"நேத்து சர்ச் முடிஞ்சதும் அவன் என்கிட்ட வந்தான் மார்லிஸ். 'ஆர்டிஸ், தப்பா எடுத்துக்காத, நான் உங்க மூலைக்கு வரல'ன்னான். 'கவர்னர் சொல்றதுதான் எனக்குச் சரின்னு படுது. ஆனா அத்தன பேர் முன்னாடி அவள விட்டுட்டு எதிர்ப்பக்கம் நடக்க எனக்குக் கால் வராது. அவளுக்கு இப்பச் சொல்லாத, அங்க வந்து பக்கத்துல நின்னு அவ மூஞ்சியப் பாக்கணும்'னான். சின்னப் பையனாட்டம் சிரிச்சான்." பிறகு என்னை ஒரு மாதிரி பார்த்து, "நீ எனக்குப் போன் பண்ணப்போ அவன் உயிரோட இருந்தானா?" என்று கேட்டாள்.

ஆர்டிஸ் பொய் சொல்கிறவள் இல்லை என்று ஆரம்பத்தில் சொன்னேன் அல்லவா? அந்த வரியை அடித்துவிடு.

யோசித்துப் பார். அவளுக்கு முன்சீட்டு ஏற்பாடெல்லாம் எதற்கு? ஓரத்தை அவ்வளவு நேராக வெட்டினது எதற்கு? அப்படியே அவள் சொல்வது நிஜம் என்று வைத்துக்கொண்டாலும், ரூத் குழுவைக் கணக்கில் சேர்க்காமல் பார்த்தால், கவர்னர் மூலையில் ஏழுதான் இருந்திருக்கும், எங்களுக்கு ஒன்று கூடியிருக்கும். அந்த ஒன்று இல்லாமலேயே நாங்கள் ஜெயித்தோம். அவரைத் தொந்தரவு செய்யாமலே முடிந்தது என்று வேண்டுமானால் சொல்லலாம்.

புதன்கிழமை செனட்டர் போட்டியிலிருந்து விலகிவிட்டார், செய்தியில் பார்த்திருப்பாய். ஆதரவாளர்கள் எல்லோரும் கவர்னர் பின்னால் திரள வேண்டும், பெரிய மாற்றங்கள் படிப்படியாகத்தான் வரும் என்றார். வியாழக்கிழமை வெர்லினை அடக்கம் செய்தோம். வருகிற நவம்பரில் நான் கவர்னருக்குத்தான் போடுவேன். கட்சி ஒற்றுமை முக்கியம். உள்ளே இருக்கிறவர்களுக்கு ஓட்டு உண்டா என்று ஷெரிஃபிடம் கேட்டுச் சொல்.

கோட்டை எடுத்துக்கொள்கிறேன். வெர்லினுடைய பழைய கோட்டை, அது காய்ந்துவிட்டது. அந்த ஆறு பாத்திரங்களையும் மறக்காதே, லவோனுடையது மஞ்சள் பூப்போட்டது. ஏழாவது பாத்திரம் ஆர்டிஸுடையது. அதைக் கொடுக்க முடியாது. துடைக்கும்போது கைதவறி விழுந்துவிட்டது. நல்ல கனமான கண்ணாடி, முதல் தடவை விழுந்தபோது உடையவில்லை.

மற்றபடி இதில் ஆர்டிஸுக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை. இது முழுக்க முழுக்க அரசியல், டிராவிஸ். அப்படியே எழுதிக்கொள்.